நடுகல் மரபும் பலியானோர் நினைவும்: வரலாற்றுக் காயத்தை ஆற்றுவதில் பொது நினைவுச்சின்னங்களின் எல்லை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தற்காலத் தமிழ்ச் சூழலில் எழுப்பப்படும் நினைவுச்சின்னங்களைச் சங்ககால நடுகல் மரபின் தொடர்ச்சியாகக் காட்டுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அக்கூற்றை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. நடுகல் போரில் வீழ்ந்த வீரனுக்குரியது. கீழ்வெண்மணியிலும் முள்ளிவாய்க்காலிலும் இறந்தோரில் மிகப் பலர் ஆயுதம் ஏந்தாதவர்கள். அவர்களை நடுகல் இலக்கணத்துக்குள் அடக்கும்போது அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதும் யாரால் இறந்தனர் என்பதும் மறைகின்றன. தொல்காப்பியம், புறநானூறு, சிலப்பதிகாரம், கதைப்பாடல்கள் ஆகியவற்றின் துணையோடு வீரம், அச்சம், பொறுப்பு என்னும் மூவகை நினைவு இலக்கணங்களை இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. வரலாற்றுக் காயத்தை ஆற்றும் தகுதி மூன்றாவதற்கே உண்டு என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: நடுகல், நினைவுச்சின்னம், மனவடு, சிலப்பதிகாரம், கீழ்வெண்மணி, முள்ளிவாய்க்கால், பொறுப்பேற்பு.

முன்னுரை

தமிழில் 'ஆறுதல்' என்னும் சொல் புண் குணமாதலையும் துயரம் தணிதலையும் ஒருங்கே குறிக்கும். 'ஆற்றுதல்' என்பது பிறருக்கு அதைச் செய்தல். புண் ஆறியபின் எஞ்சுவது வடு. வடு புண் அன்று. புண் இருந்தது என்பதற்கான சான்று. ஈழத்துப் போர்ச் சூழலில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் சொல்லைத் தம் நூலுக்குத் தலைப்பாக்கியபோது இப்பொருள் ஆழம் தமிழ் உளவியல் எழுத்துக்குள் வந்து சேர்ந்தது. ஒரு சமூகம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வது என்பது காயத்தை மறப்பது அன்று. காயத்தை வடுவாக மாற்றி, அதனோடு வாழக் கற்றுக்கொள்வதே ஆறுதல்.

பொது நினைவுச்சின்னம் இப்பணியில் என்ன செய்கிறது? இவ்வினாவுக்குத் தமிழாய்வில் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: ஈராயிரம் ஆண்டுகளாகக் கல் நட்டு வழிபட்டவர்கள் நாம்; இன்றைய தூணும் மண்டபமும் முற்றமும் அதன் வளர்ச்சி. இவ்விடை பெருமிதம் தருகிறது. ஆனால் அது ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தாண்டிச் செல்கிறது. நடுகல் யாருக்கு நடப்பட்டது, யாருக்கு நடப்படவில்லை என்று வினவினால் தொடர்ச்சி என்று கருதப்படும் இடத்தில் ஒரு முறிவு தென்படும். அம்முறிவை அடையாளம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நடுகல்லின் இலக்கணம்: வீரம்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லை ஒரு பொருளாகக் காட்டாமல் ஒரு செயல்தொடராகக் காட்டுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அது ஆறு நிலைகளாக விரிகிறது. கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், நாட்டல், படையலிடுதல், போற்றுதல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நினைவு. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றோடு கல்லுக்குக் கோயில் எடுப்பதையும் சேர்த்துக்கொண்டது. கல் மட்டும் தனித்து நினைவாகாது. மனிதர் கூடிச் செய்யும் வினையே அதனை நினைவாக்குகிறது என்னும் புரிதல் இங்கு உள்ளது. இன்றைய நினைவாய்வு வலியுறுத்தும் கருத்தும் இதுவே.

ஆயினும் அவ்வினைக்குரியவன் யார் என்பதில் இம்மரபு மிகத் தெளிவான வரையறை கொண்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்தவனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் தொகுப்பில் இடம்பெறும் பல்லவர் காலக் கற்கள், அரசனின் ஆட்சியாண்டு, தலைவன், வீரன், தொறு கொண்ட அல்லது தொறு மீட்ட நிகழ்வு என்னும் ஒழுங்கில் அமைகின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கோவிவன் என்னும் அவனது நாயும் உருவமும் பெயரும் பெற்றுள்ளது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றமையால் அந்நாய்க்கு அச்சிறப்பு.

இச்சான்றுகளிலிருந்து இரண்டு முடிவுகளை எட்டலாம். முதலாவது, நடுகல்லில் இடம்பெறுவதற்குரிய தகுதி பிறப்போ இனமோ அன்று, செயல். போரிட்ட நாய்க்குப் பெயர் உண்டு. போரிடாமல் அதே பூசலில் மாண்ட மனிதருக்குப் பெயர் இல்லை. ஆநிரைப் பூசலில் ஊர் எரிந்தபோது இறந்த முதியவரும் குழந்தையும் இவ்விலக்கணத்துக்கு வெளியே நிற்கின்றனர். இரண்டாவது, ஆநிரை கவரச் சென்று இறந்தவனுக்கும் மீட்கச் சென்று இறந்தவனுக்கும் ஒருங்கே கல் உண்டு. வெட்சி வீரனும் கரந்தை வீரனும் இம்மரபில் சமம். எனவே நடுகல் நீதியைப் பற்றிய வினா எதனையும் எழுப்புவதில்லை. செயலின் துணிவை மட்டுமே அது பதிவுசெய்கிறது. எதிரி எதிரியாகக் குறிக்கப்படுகிறான், குற்றவாளியாகக் குறிக்கப்படுவதில்லை.

இது நடுகல்லின் குறை அன்று. அதன் காலச் சமூகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அநீதியால் கொல்லப்பட்டோரின் நினைவுக்கு அதே இலக்கணத்தை நீட்டும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

2. ஔவையாரின் ஐயம்

நடுகல் மரபு தன்னைத்தானே ஐயுற்ற தருணமும் சங்கப் பாடலில் உண்டு. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாடலில் நடுகல் சடங்கு முறையாக நடக்கிறது. கல்லுக்குப் பீலி சூட்டப்படுகிறது. வடித்த கள் சிறு கலத்தில் படைக்கப்படுகிறது. ஆனால் பாடுபவர் அச்சடங்கினுள் நின்றே வினவுகிறார். மலையுடைய நாட்டையே கொடுத்தாலும் ஏற்க மறுத்திருக்கக்கூடியவன், இச்சிறு படையலை ஏற்றுக்கொள்வானா என்பதே வினா. காலையும் மாலையும் இனி இல்லாமற் போகட்டும் என்று அவர் தம் வாழ்நாளையும் வெறுக்கிறார்.

இப்பாடலைக் கையறுநிலை என்னும் துறையோடு நிறுத்திவிடுவது வழக்கம். நினைவுச்சின்னம் பற்றிய ஆய்வுக்கு இது அதனினும் முதன்மையான சான்று. கல் நடப்பட்ட பின்னும் இழப்பு நிரம்பவில்லை என்பதை இது கூறுகிறது. படையலின் சிறுமையும் இழந்தவனின் பெருமையும் ஒன்றுக்கொன்று ஈடாகா. நினைவுச்சின்னம் துயரத்தை முடித்துவைக்கும் என்னும் எதிர்பார்ப்பைத் தமிழ் மரபின் மிகப் பழைய குரல்களுள் ஒன்றே மறுத்திருக்கிறது. அதேவேளை ஔவையார் சடங்கைக் கைவிடக் கோரவில்லை என்பதும் நோக்கத்தக்கது. சின்னம் போதாது, ஆயினும் வேண்டும் என்பதே பாடலின் நிலை.

3. சிலப்பதிகாரம்: கல்லும் ஒப்புதலும்

வஞ்சிக் காண்டத்தின் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனத் தொல்காப்பிய நிலைகளின் பெயர்களையே பெரும்பாலும் தாங்குகின்றன. போர்க்களத்தில் வீழாத ஒரு பெண்ணுக்கு, அதுவும் அரச அநீதிக்கு இரையான குடும்பத்தைச் சேர்ந்தவளுக்கு, நடுகல் இலக்கணத்தை இளங்கோ நீட்டுகிறார். இது மரபில் ஏற்பட்ட பெரும் மாற்றம். இம்மாற்றத்தைப் போற்றும் ஆய்வுகள் பல உள்ளன. ஆனால் காப்பியம் உடன் வைத்துள்ள முரண்கள் போதிய கவனம் பெறவில்லை.

கல்லை எடுப்பவன் சேரன் செங்குட்டுவன். குற்றம் நிகழ்ந்தது பாண்டியனின் மதுரையில். கல் இமயத்திலிருந்து வருகிறது. அதைச் சுமப்பவர் போரில் தோற்ற கனகனும் விசயனும். பத்தினியின் நினைவு சேரனின் வெற்றிச் சின்னமாகவும் ஆகிறது. துயரத்துக்கு உரிமையில்லாத ஓர் அரசு அத்துயரத்தைத் தன் பெருமையாக்கிக்கொள்ளும் வழியைக் காப்பியம் இங்கே ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. மேலும், விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கோவலனுக்குக் கல் எடுத்ததாகக் காப்பியத்தில் செய்தி இல்லை. சினந்து நகரை எரித்தவளுக்குக் கல் கிடைக்கிறது. பேசாமல் வெட்டுண்டவனுக்குக் கிடைக்கவில்லை. நடுகல்லின் பழைய இலக்கணம் இங்கும் ஒருவகையில் தொடர்கிறது. செயல் புரிந்தவருக்கே கல்.

நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறும் செய்திகள் இன்னும் முதன்மையானவை. ஒரு கொலையின் அதிர்வு எவ்வளவு தொலைவு சென்றது என்பதை அவன் அடுக்குகிறான். மாதரி தீப்புகுந்தாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார், இரு குடும்பத்துத் தாய்மாரும் இறந்தனர், தந்தையர் துறவு பூண்டனர். இன்றைய உளவியல் கூட்டு மனவடு என்று விளக்க முற்படுவதைக் காப்பியம் ஒரு பட்டியலாகவே தந்திருக்கிறது. அதே பட்டியலில், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்ட செய்தியும் உள்ளது. உரைபெறு கட்டுரை இப்பலியைச் சாந்தி என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. ஒரு பொற்கொல்லனின் பொய்க்கு ஆயிரம் பேர் உயிர் கொடுத்தனர். ஒருவர் காயத்தை ஆற்றும் சடங்கு, குற்றமற்ற ஆயிரம் குடும்பங்களின் காயமாயிற்று. அவர்களுக்குக் கல் இல்லை, பெயரும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு தருணமும் காப்பியத்தில் உண்டு. வழக்குரை காதையில், உண்மை வெளிப்பட்டவுடன் பாண்டியன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் நீக்கிறான். பின்னர் வாழ்த்துக் காதையில் தெய்வ உருவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகிறாள். இம்மன்னிப்பைக் கல் ஈட்டித்தரவில்லை. பலியும் ஈட்டித்தரவில்லை. குற்றம் செய்தவன் அவையில், பாதிக்கப்பட்டவள் முன்னிலையில், தன் வாயால் ஒப்புக்கொண்டமையே அதற்கு வழிவகுத்தது. ஒப்புதல் மன்னிப்புக்கும், சாந்தி புதிய பலிக்கும் இட்டுச்சென்றன என்னும் இவ்வேறுபாடு, வரலாற்றுக் காயம் குறித்த சிந்தனைக்குச் சிலப்பதிகாரம் அளிக்கும் தலையாய பங்களிப்பு எனலாம்.

4. அச்சத்தால் எழுந்த தெய்வங்கள்

நடுகல் மரபில் இடம் பெறாத பலியானோர் நாட்டார் வழிபாட்டில் இடம் பெற்றனர் என்று கூறலாம். இது நியாயமான எதிர்வாதம். காத்தவராயன், முத்துப்பட்டன், மதுரைவீரன் போன்றோர் சாதி கடந்த காதலாலும் அதிகாரத்தோடு ஏற்பட்ட பகையாலும் உயிரிழந்து தெய்வமானவர்கள். நல்லதங்காளும் அவள் பிள்ளைகளும் வறுமையாலும் உறவினரின் கொடுமையாலும் மாண்டு வழிபாடு பெற்றவர்கள். இங்கே போரிடாதவருக்கும் குழந்தைக்கும்கூடக் கல்லும் பீடமும் உண்டு. கொன்றவரின் வழியினரே பழிக்கு அஞ்சி வழிபடுவதும் உண்டு.

ஆனால் இவ்வழிபாட்டை இயக்குவது அச்சம். கொல்லப்பட்டவர் தீங்கு செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே படையல். கொலை விதியாகவோ சாபமாகவோ விளக்கப்பட்டுவிடுகிறது. மேலும் நா. வானமாமலை முதலியோரின் பதிப்புகள் கவனப்படுத்தியதுபோல, கதை பரவும்போது கொலைக்கான காரணமே மாற்றப்படுகிறது. மதுரைவீரன் காசி அரசனின் மகனாகப் பிறந்து அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் ஆகிறான். பிறப்பு உயர்த்தப்பட்டவுடன் சாதியின் பெயரால் நிகழ்ந்த வன்முறை ஆள்மாறாட்டத்தால் நேர்ந்த தவறாகச் சுருங்குகிறது. பலியானவர் தெய்வமாகிறார், பலிகொண்ட அமைப்பு மாறாமல் நீடிக்கிறது. வீரத்தின் இலக்கணம் பலியானோரை விலக்கியது. அச்சத்தின் இலக்கணம் அவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் இறந்த காரணத்தை விலக்கியது.

5. கீழ்வெண்மணி: தீர்ப்பின் இடத்தில் கல்

1968 டிசம்பர் 25 அன்று அன்றைய கிழக்குத் தஞ்சைப் பகுதியில் உள்ள கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கோரிய தலித் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பு தாக்கப்பட்டது. தப்பிக்க எண்ணி ராமையாவின் குடிசைக்குள் புகுந்தவர்கள் அங்கேயே எரிக்கப்பட்டனர். இறந்தவர் 44 பேர். பெரும்பான்மையோர் பெண்களும் குழந்தைகளும். 1970இல் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீவைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்னும் போக்கில் அமைந்த அத்தீர்ப்பின் வாதம் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது.

வெண்மணியின் நினைவுச்சின்னத்தை இப்பின்புலத்தில் வைத்தே படிக்க வேண்டும். இறந்த 44 பேரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அதை எழுப்பியது அரசு அன்று, தொழிலாளர் இயக்கம். நீதிமன்றத்தின் ஏட்டில் 44 பேர் இறந்தனர், ஆனால் சட்டப்படி கொன்றவர் எவரும் இல்லை. அந்நிலையில் கல் தீர்ப்பின் பணியையும் ஏற்க வேண்டியதாயிற்று. பெயர்களைப் பொறிப்பது இங்கே வெறும் அஞ்சலி அன்று, மேல்முறையீடு.

ஆண்டுதோறும் டிசம்பர் 25 வெண்மணித் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. 'தியாகி' என்னும் சொல் சிந்தனைக்குரியது. அதன் நியாயத்தை முதலில் ஏற்க வேண்டும். செங்கொடியை இறக்க மறுத்த சமூகம் அது. கூலிப் போராட்டத்தில் பெண்களும் உறுதியாக நின்றனர். அவர்களை இரக்கத்துக்குரிய அநாதைகளாகக் காட்டும் எழுத்துக்கு எதிராக, அரசியல் உணர்வுள்ள மனிதர்களாக அச்சொல் அவர்களை நிறுத்துகிறது. நிலவுடைமையாளரின் ஆண்மைக்குறையைக் கொலைக்கான உளவியல் காரணமாக முன்வைத்தமைக்காக இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' கடுமையான விமரிசனத்துக்கு உள்ளானது. கூலியும் சாதியும் பின்தள்ளப்பட்ட அத்தகைய வாசிப்புகளுக்கு எதிராகவும் 'தியாகி' என்னும் சொல் செயற்பட்டது.

ஆனால் தியாகம் என்பது ஒருவர் தாமே கொடுப்பது. தாயின் இடுப்பிலிருந்த குழந்தை எதனையும் கொடுக்கவில்லை. அதனிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. 'தியாகி' என்றவுடன் இறப்பின் வினைமுதல் இறந்தவரிடமே சென்றுவிடுகிறது. கொன்றவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். தீர்ப்பு எதனை மறைத்ததோ அதனையே, நேர்மாறான நோக்கத்தோடு, நம் போற்றுதலும் மறைத்துவிடும் இடர் இங்கு உள்ளது. நடுகல் இலக்கணம் வலிந்து பொருத்தப்படுவதன் விளைவு இது. 44 பெயர்களும் பெயர்களாகவே நிற்கும்போது, அவற்றுள் ஒரே குடும்பத்துப் பெயர்களைத் தொடர்ந்து படிக்கும் ஒருவர் அடையும் உணர்வை எந்த அடைமொழியும் தர முடியாது.

6. இரு நாள்கள், இரு இலக்கணங்கள்

ஈழத்தில் இவ்விரு நினைவுகளும் இருவேறு நாள்களாகவே பிரிந்து நிற்கின்றன. நவம்பர் 27 மாவீரர் நாள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாள். விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்களில், உடல் கிடைத்தோருக்குக் கல்லறையும் உடல் கிடைக்காதோருக்கு நினைவுக்கல்லும் வைக்கப்பட்டன. அந்நினைவுக்கல்லுக்கு நடுகல் என்னும் பெயரே வழங்கியது. எனவே மாவீரர் நாளை நடுகல் மரபின் தொடர்ச்சி என்பது பொருந்தும். போர் முடிந்தபின் இராணுவம் இவ்வில்லங்களை அழித்தது. கிளிநொச்சியில் கான்கிரீட் கனசதுரத்தைக் குண்டு துளைக்க அதன் மேல் தாமரை மலர்வதாக வெற்றிச் சின்னம் எழுந்தது. தோற்றவரின் வீரக்கல்லை அகற்றிவிட்டு வென்றவரின் வீரக்கல்லை நட்டமையால் இலக்கணம் மாறவில்லை. உரிமையாளர் மட்டுமே மாறினார். பிள்ளையின் கல்லறையில் விளக்கேற்றும் உரிமையையும் இழந்த பெற்றோருக்கு அது இரண்டாவது இழப்பாயிற்று.

மே 18 வேறு வகையானது. 2009இல் வன்னியின் குறுகிய நிலப்பரப்பில் அடைபட்டு இறந்தவர்கள் பெரும்பாலும் குடிமக்கள். அவர்களுள் எறிகணைக்கு இரையானோரும், மருந்தின்றி இறந்தோரும், கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை மீட்க முயன்று அலைந்த பெற்றோரும் உண்டு. இத்துயரத்தை வீரத்தின் மொழியில் முழுமையாகச் சொல்ல இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர் போராட்டத்தின் பின் அடுத்த சில நாள்களிலேயே மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. இடித்தலும் எழுப்புதலும் சேர்ந்து, தூபியைவிட வலிய நினைவாக அந்நிகழ்வை ஆக்கின.

கல்லுக்கு அப்பாற்பட்ட ஒரு சின்னமும் இங்கே உருவாகியுள்ளது. போரின் இறுதி நாள்களில் மக்கள் உயிர் தாங்கிய கஞ்சி, மே மாதத்தில் தெருவோரங்களில் காய்ச்சி வழங்கப்படுகிறது. அரிசியும் நீரும் உப்பும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. அதைக் குடிப்பவர் எவரையும் வீரராகப் போற்ற வேண்டியதில்லை. பசித்திருந்தவரின் நிலையை ஒரு மிடறு அறிந்தால் போதும். 2024 மே மாதம் சம்பூரில் இக்கஞ்சியைக் காய்ச்சி வழங்கியமைக்காக நால்வர் கைதுசெய்யப்பட்டனர். ஒரு பானைக் கஞ்சியை அரசு அஞ்சுகிறது என்றால், நினைவு கல்லில் மட்டும் தங்குவதில்லை என்பதை அவ்வரசும் அறிந்திருக்கிறது என்பதே பொருள். தொல்காப்பியம் கூறும் பெரும்படை என்னும் படையல் நிலை இங்கே கல்லின்றித் தனித்து இயங்குகிறது. நடுகல் மரபிலிருந்து நாம் உண்மையில் பெற்றுக்கொண்டது வீரம் அன்று, இவ்வினையே என்று கொள்ளுதல் தகும்.

7. பொறுப்பின் இலக்கணம்

வீரத்துக்கும் அச்சத்துக்கும் அப்பால் மூன்றாவது இலக்கணம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உருப்பெற்றது. அம்மொழியில் நினைவுச்சின்னத்துக்கு 'டெங்க்மால்' என்றும் 'மான்மால்' என்றும் இரு சொற்கள் உள்ளன. முன்னது பொதுவாக நினைவூட்டுவது, பின்னது எச்சரிப்பது. 2005இல் பெர்லின் நகரின் நடுவில் திறக்கப்பட்ட, கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள் உள்ளன. கொன்ற அரசின் வழித்தோன்றலான அரசே, தன் தலைநகரில், தன் நாடாளுமன்றத்தின் முடிவால் அதை எழுப்பியது. செங்குட்டுவன் வேற்று நாட்டில் எடுத்த கல்லைப் போன்றதன்று இது. பாண்டியன் மதுரையிலேயே எடுத்திருக்க வேண்டிய கல்லைப் போன்றது.

இம்முன்மாதிரியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. சின்னத்தை எழுப்பியதோடு கடமை முடிந்தது என்னும் மனநிறைவை அது தரக்கூடும் என ஜேம்ஸ் யங் முதலிய ஆய்வாளர் எச்சரித்துள்ளனர். 1986இல் ஹார்பர்க்கில் நிறுவப்பட்ட பாசிச எதிர்ப்புத் தூண், மக்கள் தம் பெயரைப் பொறிக்கப் பொறிக்க நிலத்துள் இறக்கப்பட்டு 1993இல் முற்றிலும் மறைந்தது. அநீதிக்கு எதிராக நிற்க வேண்டியவர் மனிதரே, தூண் அன்று என்பதே அதன் கருத்து. ஔவையாரின் ஐயம் வேறொரு நிலத்தில் வேறொரு வடிவம் பெற்றது எனலாம்.

இவ்விலக்கணத்தை ஏற்பது எளிதன்று. ஏனெனில் அது பிறரை நோக்கி மட்டும் வினவுவதன்று. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அப்பள்ளிவாசலின் சுவரில் குண்டுத் துளைகள் இன்றும் பேணப்படுகின்றன. ஒரு சிலரின் மீதான ஐயம் ஒரு சமூகம் முழுவதன் மீதும் சுமத்தப்பட்ட இந்நிகழ்வுகள் ஆயிரம் பொற்கொல்லரை நினைவூட்டுகின்றன. தமிழர் தம் துயரத்துக்குக் கோரும் ஒப்புதலைத் தம் பெயரால் பிறர் அடைந்த துயரத்துக்கும் வழங்குவார்களா என்பதே பொறுப்பின் இலக்கணம் நம்மிடம் வைக்கும் தேர்வு. கீழ்வெண்மணியைப் பொறுத்தும் இதுவே உண்மை. அங்கே ஆண்டுதோறும் கூடுவோர் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் நிற்பவர்கள். நிலம் வைத்திருந்த சாதிகளின் சங்கங்களோ அரசோ தம் பங்கை ஒப்புக்கொள்ளும் கல் ஒன்றைத் தமிழ்நாட்டின் பொதுவெளி எதிர்நோக்கியே இருக்கிறது.

முடிவுரை

நடுகல் தமிழ் நினைவு மரபின் பெருமைக்குரிய தொடக்கம். ஆயினும் அநீதியால் இறந்தோரின் நினைவை அதன் தொடர்ச்சியாக மட்டும் காண்பது மூன்று இழப்புகளுக்கு வழிவகுக்கிறது. பலியானோர் வீரராக்கப்பட்டு அவர்களின் உண்மை நிலை மறைகிறது. கொலையின் காரணம் போற்றுதலுக்குள் கரைகிறது. பொறுப்பேற்க வேண்டியவர் வினவப்படாமல் தப்புகிறார்.

எனவே ஒரு நினைவுச்சின்னத்தை ஆராய்வோர் அதன் வடிவத்தையும் மரபையும் விளக்குவதோடு நில்லாமல் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இது யாருக்கு எடுக்கப்பட்டது? யார் எடுத்தார்? எடுத்தவர் இதன்வழி எதனை ஒப்புக்கொள்கிறார்? முதல் இரு வினாக்களுக்கு நம் கல்வெட்டியலும் இலக்கியவியலும் நெடுங்காலமாக விடையளித்து வருகின்றன. மூன்றாவது வினா இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை. வழக்குரை காதையில் அவ்வினாவைக் கண்ணகி கேட்டாள், விடையும் பெற்றாள். அவ்விடையே அவளது சினத்தை மன்னிப்பாக மாற்றியது. கல் அதற்குப் பின்னரே வந்தது. காயம் வடுவாவதற்கு இவ்வரிசை இன்றியமையாதது. ஒப்புதல் இல்லாத இடத்தில் எழும் கல், வெண்மணியைப் போல, காயம் இன்னும் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே நிற்கும். அவ்வாறு சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு பணியே. அதனை ஆறுதல் என்று நாம் பிழையாகக் கொள்ளலாகாது.